ஞாயிற்றுக்கிழமை முதல் பீரியட்

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வெள்ளியும் சனியும் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை வேலை நாள். ஊர் உலகமெல்லாம் எண்ணெய் தேய்த்துக் குளித்து, கறி எடுக்கப் பையைத் தூக்கிக்கொண்டு போகும்போது நான் மட்டும் சேலை கட்டி, கையில் சாப்பாட்டு டப்பாவோடு பஸ்ஸுக்கு நிற்பேன். "என்ன டீச்சர், இன்னைக்குமா பள்ளிக்கொடம்?" என்று கேட்காத கண்டக்டர் கிடையாது. ஆரம்பத்தில் பொறுமையாக விளக்கம் சொன்னேன். அப்புறம், "நேத்து நீங்க டிக்கெட் கிழிக்கும்போது நான் வீட்டுல தூங்குனேன்ல, அதுக்கு இது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்வேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில்தான் இருக்கும். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

நாங்கள் ராமேஸ்வரம் தீவில் இருக்கிற கத்தோலிக்க மீன்பிடிக் குடும்பம். நான் வேலை பார்ப்பது பாலம் தாண்டி, உச்சிப்புளியில் இறங்கிக் கடற்கரைப் பக்கம் திரும்பினால் வருகிற ஒரு முஸ்லிம் ஊரில், ஜமாத்தார் நடத்துகிற பெண்கள் பள்ளியில். கணக்கு டீச்சர். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. காலையில் குர்ஆன் ஓதித்தான் பள்ளி தொடங்கும். சின்ன வகுப்புப் பிள்ளைகள் ஆலிமாவுக்கு ஸலாம் சொல்கிற வேகத்தில் எனக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்ளும். நான் விடமாட்டேன். பதில் ஸலாமை முழுசாகச் சொல்லித்தான் அனுப்புவேன்.

ஆலிமா என்றால் மார்க்கக் கல்வி படித்துப் பட்டம் வாங்கிய பெண். எங்கள் பள்ளியில் மார்க்க வகுப்பு எடுப்பவர் அவர்தான். நானும் அவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். இந்தக் கதையில் பாதி அவருடையது.

இந்த மாசியில் என் தங்கச்சி ஊருக்கு வந்தாள். அவள் இங்கிலாந்தில் நர்ஸ். அங்கே பள்ளிகளுக்குப் பருவத்தின் நடுவில் ஒரு சின்ன விடுமுறை வருமாம். அதோடு கொஞ்சம் லீவு சேர்த்து, ஐந்து வயது மகனையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். வந்த மறுநாள் நான் கொல்லையில் உட்கார்ந்து மீன் அரிந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து குந்தினாள். ஏதோ இருக்கிறது என்று தெரிந்துபோனது. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு முக்கியமான விஷயம் எதுவும் நான் மீன் அரியும்போதுதான் வாயில் வரும். என் கை ஓயாது, எழுந்து அடிக்க வரமாட்டேன் என்கிற நம்பிக்கை.

"அக்கா, இவனுக்கு ஸ்கூல்ல எடம் கெடச்சிருக்கு."

"நல்லதுதான. அதுக்கு ஏன் மொகத்த இப்படி வச்சிருக்க?"

"முஸ்லிம் ஸ்கூல்க்கா."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

விஷயம் இதுதான். கிறிஸ்துமஸுக்குப் பிறகு அவர்கள் வேலைக்காக வேறொரு ஊருக்கு மாறியிருந்தார்கள். நடுவருஷத்தில் போனதால் பக்கத்துப் பள்ளிகளில் இடமில்லை. கத்தோலிக்கப் பள்ளியில் காத்திருக்கச் சொல்லிவிட்டார்கள். அந்த ஊர்க் கவுன்சிலில் இருந்து ஒதுக்கிக் கொடுத்த இடம், வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிற முஸ்லிம் தொடக்கப் பள்ளி. வேண்டுமா வேண்டாமா என்று திரும்பிப் போனதும் சொல்லவேண்டும். வேண்டாமென்றால் பிள்ளை வீட்டில் இருக்கும். அவளோ வீட்டுக்காரரோ மாறி மாறி வேலையை விட்டுவிட்டுக் காவல் இருக்கவேண்டும். வீட்டுக்காரர், "நீயே முடிவு பண்ணு" என்று நழுவிவிட்டார். அங்கே மாதா கோவிலில் ஒரு அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பள்ளிக்கூடத்து ஆட்கள் யாரோடும் ஒட்டமாட்டார்கள், அந்த மாதிரிப் பள்ளிகளால்தான் ஊரே இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது, உன் பிள்ளை பாவம் என்று சொல்லியிருக்கிறார்.

"ஒனக்கென்னடி பயம்? ஒங்க அக்கா பாதி ஆயுச எங்கன கழிச்சுருக்கா?" என்றேன். கத்தி கொஞ்சம் வேகமாகவே ஓடியது.

"ஒன் ஸ்கூல் வேறக்கா. இங்கன எல்லாரும் எல்லாருக்கும் தெரிஞ்சவங்க. அய்யா காலத்துலேருந்து நம்ம மீன அவங்கதான் வாங்குறாங்க. அங்கன யாருக்கும் யாரையும் தெரியாது. நானே அந்த ஊருக்குப் புதுசு. இவன் ஒருத்தன்தான் அந்த ஸ்கூல்ல வேற மதம். வெள்ளிக்கிழம எல்லாரும் எந்திரிச்சுத் தொழுவப் போறப்ப இவன் எங்கன நிப்பான், சொல்லு?"

கோபம் வந்தது, ஆனால் யார்மேல் என்று தெரியவில்லை. அவள் கேட்டதில் தப்பும் இல்லை. என் பள்ளிக்கூடத்தை வைத்து இன்னொரு தேசத்துப் பள்ளிக்கூடத்துக்கு நான் எப்படி உறுதி சொல்வது? அவளுக்கு என் பள்ளிக்கூடமே சரியாகத் தெரியாது. அவளை ராமநாதபுரத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளி ஹாஸ்டலில் சேர்த்தது நான்தான். அக்காவிடமே பாடம் படித்தால் அடியும் வாங்கமாட்டாள், கணக்கும் வராது என்று நினைத்தேன். பெருநாளைக்கு என் வழியாக வீட்டுக்கு வந்து சேரும் பிரியாணிதான் அவளுக்குத் தெரிந்த என் பள்ளிக்கூடம்.

நான் வேலைக்குப் போனதே பெரிய பாடு. பி.எட். முடித்துவிட்டு வீட்டில் கிடந்தேன். இந்தப் பள்ளியில் கணக்கு டீச்சர் தேடுகிறார்கள் என்று தெரிந்ததும் அய்யாவிடம், எங்கள் அப்பாவிடம், சொன்னேன். முஸ்லிம் பள்ளி என்பதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வேலை என்றதும்தான் முகம் மாறியது. எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை வள்ளம் இறங்காது. மீன் கரைக்கே வந்து கூப்பிட்டாலும் சரி, அன்றைக்குப் பூசைதான். "கடலே வேணாம்னு கரையில நிக்கிற நாளு அது. அன்னைக்குப் பூசைய விட்டுட்டு நீ சாக்பீஸு புடிக்கப் போறியாக்கும்? அந்தச் சோறு நமக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டு வலையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எங்கள் கோவிலில் ஞாயிற்றுப் பூசை விடிகாலையில் நடக்காது. பங்குச் சாமியார் இன்னொரு ஊரில் முடித்துவிட்டு வரவேண்டும். பூசை முடிந்து நான் பஸ் பிடித்தால் பள்ளியில் முதல் பீரியட் முடிந்திருக்கும்.

இருந்தாலும் நேர்முகத் தேர்வுக்குப் போனேன். அலுவலக அறையில் தாளாளர், வெள்ளைத் தொப்பி போட்ட வயதானவர். பக்கத்தில் தலைமையாசிரியை. சுவர் ஓரத்துப் பெஞ்சில் நானும், கறுப்புப் புர்கா போட்ட என் வயதுப் பெண் ஒருத்தியும். கேள்வியெல்லாம் முடிந்து, "எப்பச் சேருறிய?" என்று தாளாளர் கேட்டார். அப்போதாவது நான் வாயை மூடிக்கொண்டு தலையாட்டியிருக்கலாம்.

"சேர்றேன் சார். ஆனா ஞாயித்துக்கெழம பூசை முடிச்சுத்தான் வருவேன். மொதப் பீரியட் என்னால எடுக்க முடியாது."

தலைமையாசிரியை மேலே ஃபேனைப் பார்த்தார். வேலை கேட்டு வந்த இடத்தில் நிபந்தனை போடுகிற பெண்ணை அவர் அதற்கு முன்னால் பார்த்திருக்கமாட்டார். எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. அய்யாவிடம் போய், கேட்டேன், இல்லை என்றுவிட்டார்கள் என்று சொல்லத் தயாராகிக் கைப்பையை எடுத்தேன். அப்போது பெஞ்சிலிருந்து குரல் வந்தது.

"ஞாயித்துக்கெழம அவங்க வகுப்புல மொதப் பீரியட நான் எடுத்துக்கிறேன். மார்க்க வகுப்ப அங்கன வச்சுக்கலாம். அவங்க வந்ததும் கணக்கு நடக்கட்டும்."

தாளாளர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேருக்கும் இன்னும் வேலையே குடுக்கல. அதுக்குள்ள டைம்டேபிளும் போட்டு முடிச்சிட்டிய" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் எங்களுக்கு வேலை கிடைத்தது.

ரொம்ப நாள் கழித்து ஆலிமாவிடம் கேட்டேன்: முன்பின் தெரியாத எனக்காக எதற்கு அப்படி வாய் கொடுத்தீர்கள் என்று. அவர் பெரிதாக யோசிக்கவில்லை. "ஒங்க பூசை வணக்கத்த விட்டுட்டு வாங்கன்னு ஒருத்தங்கள்ட்டச் சொல்லிட்டு, நான் உள்ள போய்ப் பிள்ளைகளுக்குத் தொழுகையப் பத்திப் பாடம் எடுக்கவா?" என்றார். அதற்குமேல் அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு வருஷமும் டைம்டேபிள் போடும்போது அந்தக் கட்டத்தைத்தான் முதலில் நிரப்புவார்கள். தலைமையாசிரியைகள் மாறினார்கள். பழைய தாளாளர் மவுத்தாகி அவர் மகன் வந்தார். அந்தக் கட்டம் மட்டும் மாறவில்லை. பஸ் கிடைக்காமல் நான் இன்னும் தாமதமாகப் போகிற நாட்களில் ஆலிமா வகுப்பை விட்டு இறங்காமல் நபிமார்கள் சரித்திரத்தைச் சொல்லிக்கொண்டே இருப்பார். வியர்க்க விறுவிறுக்க நான் வாசலில் வந்து நின்றால் பிள்ளைகளின் முகம் தொங்கிப்போகும். யூசுப் நபி கிணற்றுக்குள் கிடக்கும்போது நான் போய் இயற்கணிதத்தை எடுத்தால் எந்தப் பிள்ளைக்குத்தான் பிடிக்கும்?

எல்லாம் தேனும் பாலுமாக ஓடியது என்று சொல்லமாட்டேன். ஒருமுறை ஒரு மாணவியின் தகப்பனார் வந்து, நம் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்க நம் ஆட்களே கிடைக்கவில்லையா, அதிலும் ஞாயிற்றுக்கிழமை தாமதமாக வருகிற டீச்சர் எதற்கு என்று சத்தம் போட்டார். நான் அடுத்த அறையில்தான் இருந்தேன். எழுந்து போய் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அதற்குள் பழைய தாளாளர் குரல் கேட்டது: "அந்தப் பிள்ளை ஞாயித்துக்கெழம அவுக கோவிலுக்குப் போகாம இங்கன வாரதில்ல. ஒங்க மூத்த மவன் வெள்ளிக்கிழம ஜும்ஆத் தொழுகைக்கு வாரானா? நான் முன்வரிசையிலதான் இருக்கேன், பாக்கலியே." அப்புறம் அவர் செருப்பைத் தேடுகிற சத்தம்தான் கேட்டது. அன்றைக்கு வீட்டுக்குப் போய் இதை அய்யாவிடம் சொன்னேன். மறுநாள் ஒரு பெரிய பாறை மீனைச் சாக்கில் சுற்றிக் கொடுத்து, பாதி தாளாளர் வீட்டுக்கு, பாதி அந்தப் பிள்ளைக்கு என்றார். அந்தப் பிள்ளை என்றால் ஆலிமா. சாகிறவரை அவருக்கு ஆலிமா அந்தப் பிள்ளைதான்.

என் பூசையும் என் பிழைப்பும் ஒன்றையொன்று இடிக்காமல் இத்தனை வருஷம் ஓடியதற்கு நான் யாருக்கு நன்றி சொல்வது என்று கேட்டால், முதலில் அந்தப் பெஞ்சுக்குத்தான் சொல்வேன். இதையெல்லாம் தங்கச்சியிடம் சொல்லியிருக்கிறேன். சொன்னால் போதுமா? அவள் நின்று பார்த்ததில்லையே.

இந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தின எங்கள் தவக்காலமும் அவர்கள் நோன்பும் ஒட்டிக்கொண்டு வந்தன. புதன்கிழமை காலைப் பூசையில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு பள்ளிக்குப் போனேன். மறுநாள் அவர்களுக்கு முதல் நோன்பு. "இந்த வருஷம் நம்ம ரெண்டு பேருக்கும் சேர்ந்தே பசிக்கப் போகுது" என்றார் ஆலிமா. எனக்குப் பெரிய பசியெல்லாம் இல்லை. தவக்காலம் முழுக்கக் கறி சேர்க்கமாட்டோம், அதைச் சுத்தபோசனம் என்போம், மற்றபடி சாப்பாடு உண்டு. அது அவருக்கு நன்றாகவே தெரியும். தங்கச்சி வந்திருப்பது தெரிந்ததும், "ஞாயித்துக்கெழம அவளையும் பையனையும் கூட்டிட்டு வாங்க. எங்க வீட்டுல நோன்பு தொறந்துட்டுத்தான் போகணும்" என்று உத்தரவு போட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மூன்று பேரும் பஸ் ஏறினோம். நாங்கள் போனபோது ஆலிமா என் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். தங்கச்சி வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். ஆலிமா சாக்பீஸை என் கையில் கொடுத்துவிட்டுப் பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார். அவ்வளவுதான் நடந்தது. வாரா வாரம் நடப்பது. தங்கச்சி மட்டும் அந்தச் சாக்பீஸையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நோன்புக் காலத்தில் பள்ளி மதியத்தோடு முடிந்துவிடும். ஆலிமா வீடு பக்கத்துத் தெருதான். அவர் வீட்டு வாசலில் தங்கச்சி குனிந்து மகனிடம் இங்கிலீஷில் ஏதோ கண்டிப்பாகச் சொன்னாள். அவனும் பெரிய மனுஷன் மாதிரித் தலையாட்டினான். உள்ளே போனோம். ஆலிமா தொழுதுவிட்டு ஓத உட்கார்ந்தார். நான் அடுத்த அறையில் விடைத்தாள் கட்டைப் பிரித்தேன். தங்கச்சியும் பிள்ளையும் நடு வீட்டில் ஃபேனுக்குக் கீழே இருந்தார்கள். அவர்களைக் கவனித்துக்கொண்டது ஆலிமாவின் மருமகள். கல்யாணமாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது.

விடைத்தாள் பாதிகூட முடியவில்லை. நடு வீட்டிலிருந்து வீடே அதிர்கிற மாதிரி ஒரு அழுகை: "பெரியம்மா! ஐயாம் ஹங்ரி!"

நான் பதறிக்கொண்டு ஓடினேன். ஆலிமாவும் ஓதுவதை நிறுத்திவிட்டு வந்தார். விசாரித்தால், நடந்தது இது. தங்கச்சி வாசலில் பிள்ளைக்குச் சொன்னது: இந்த வீட்டில் எல்லாரும் நோன்பு, தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்கள், அவர்கள் முன்னால் சாப்பாடு கேட்கக்கூடாது, கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லவேண்டும். அவள் பையில் பிஸ்கட் இருந்தது. நோன்பு பிடித்தவர்கள் முன்னால் அதைத் திறக்கக் கூசிப்போய் வைத்திருந்தாள். அந்த மருமகளோ பிள்ளைக்காகவே இடியாப்பம் அவித்து, தேங்காய்ப் பாலும் எடுத்து மூடி வைத்திருந்தாள். முதலில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டியிருக்கிறாள். பிள்ளை, சொல்லிக்கொடுத்தபடியே, "நோ தேங்க்யூ" என்று தலையை ஆட்டிவிட்டான். இவர்களுக்கும் நோன்புக் காலம் என்று மாமியார் சொன்னது அவள் மனதில் இருந்தது. இத்தனூண்டு பிள்ளையும் நோன்பு பிடிக்கிறதே, மாஷா அல்லாஹ் என்று கண் கலங்கி, வாசனை பட்டால் பிள்ளையின் மனசு கலைந்துவிடும் என்று இடியாப்பத்தைக் கொண்டுபோய் அடுக்களைக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டாள்!

முதலில் சிரித்தது ஆலிமாதான். அப்புறம் என்னாலும் அடக்க முடியவில்லை. மருமகள் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். தங்கச்சிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"அவ வெவரம் கேட்டிருக்கணும், நீயும் சொல்லிருக்கணும்" என்று ஆலிமா இரண்டு பேரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "ரெண்டு பேரும் மரியாத பாத்துப் பாத்துப் பச்சப் பிள்ளையப் பட்டினி போட்டுட்டிய. இதுல யாருக்கு நன்மை கெடைக்கப் போகுது?"

இடியாப்பம் வந்தது. ஆலிமா தரையில் உட்கார்ந்து, பிள்ளையை மடியில் இழுத்துப் போட்டு, தேங்காய்ப் பால் ஊற்றிச் சீனி போட்டுப் பிசைந்து தன் கையாலேயே ஊட்டினார். விடிவதற்கு முன்னால் சாப்பிட்டவர். உதடு காய்ந்திருந்தது. கையில் ஒட்டிய பாலைத் துணியில் துடைத்துத் துடைத்து அடுத்த வாய் எடுத்தார். என் தங்கச்சி எதிரே உட்கார்ந்து அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாகத் தன் ஊர் விஷயத்தை எடுத்தாள். முஸ்லிம் பள்ளி, கவுன்சில், கோவில் அம்மா, வெள்ளிக்கிழமைத் தொழுகை, எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள். "நீங்க சொல்லுங்க ஆலிமாம்மா. அவங்க எம் பிள்ளைய நல்லாப் பாத்துக்கிடுவாங்களா?"

நல்லா பார்த்துக்கொள்வார்கள், நம்ம ஆட்கள்தானே என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். ஆலிமா இடியாப்பத்தைப் பிய்த்துக்கொண்டே, "எனக்கெப்படிம்மா தெரியும்?" என்றார். "அந்த ஊரு சனத்த நான் கண்டனா? எங்கள்ளயும் எல்லாவிதமும் இருக்காங்க, ஒங்கள்ள இருக்குற மாதிரி. தெரியாதவங்களுக்கு நான் எப்படி ஜாமீன் போடுறது?"

தங்கச்சியின் முகம் விழுந்துவிட்டது. என் முகமும்தான்.

"ஒண்ணு மட்டும் சொல்றேன். ஒங்க அக்கா வேலைக்கு வந்த அன்னைக்கு மனசுக்குள்ள வச்சுக்கிட்டு நிக்கல. எனக்குப் பூசை இருக்கு, மொதப் பீரியட் வரமாட்டேன்னு மூஞ்சிக்கு நேராக் கேட்டா. கேட்டதுனாலதான் நான் வாயத் தொறந்தேன். பேசாம இருந்திருந்தா, வேலை வேணாம்னு அவ போயிருப்பா, திமிரு புடிச்சவன்னு நாங்க நெனச்சிருப்போம். நீயும் போய்க் கேளு. தொழுகை நேரத்துல எம் பிள்ளை எங்கன இருப்பான்னு அந்தப் பெரிய டீச்சர்ட்டக் கேளு. நல்ல பதில் வந்தாச் சேரு. வரலன்னா வேற எடம் பாரு. கேக்காமலே இங்கன உக்காந்து பயந்தா, இப்பப் பாத்தேல்ல, பிள்ளைதான் பட்டினி கெடக்கும்."

சாயங்காலம் பாங்கு சொன்னதும் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்தோம். பேரீச்சம்பழம், வடை, நோன்புக் கஞ்சி. எங்களுக்கென்று கறி போடாத கஞ்சி தனிச் சட்டியில் இருந்தது. மதியத்துக்குப் பரிகாரமாகவோ என்னவோ, மருமகள் பிள்ளைக்கு வடைமேல் வடையாக வைத்தாள். அவனும் ஒன்றுக்குக்கூட நோ தேங்க்யூ சொல்லவில்லை.

ஊருக்குக் கிளம்பும்வரை தங்கச்சி அந்தப் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், அது எனக்கு எவ்வளவு பெரிய சாதனை என்று. அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் போனில் சொன்னாள்: அந்தப் பள்ளித் தலைமையாசிரியையைப் பார்த்து, தொழுகை நேரத்தில் பிள்ளை எங்கே இருப்பான் என்று நேராகவே கேட்டிருக்கிறாள். அந்த அம்மா, இதுவரை யாரும் எங்களிடம் இப்படிக் கேட்டதில்லை, பேசி ஏற்பாடு செய்கிறோம் என்றாராம். மறைக்காமல் சொன்ன அந்தப் பதில் பிடித்துப்போய்ப் பிள்ளையைச் சேர்த்துவிட்டாள். திங்கள்கிழமை போனான். செவ்வாய்க்கிழமையும் அழாமல் போனான். எனக்கு வெள்ளிக்கிழமையைப் பற்றித்தான் கவலை. அந்த வாரம் முழுக்க வகுப்பில் கூட்டலைக்கூடத் தப்பாகப் போட்டேன், பிள்ளைகள் திருத்தினார்கள்.

வெள்ளிக்கிழமை எங்களுக்கு ராத்திரி, அவர்களுக்குப் பள்ளி விட்ட நேரம். வீடியோவில் வந்தான். சீருடையில் சோற்றுக் கறை.

"ஏலே, இன்னைக்கு எல்லாரும் தொழுவப் போனாங்களா?"

"போனாங்க பெரியம்மா. பெரிய ஹாலுக்கு."

"நீ எங்கலே இருந்த?"

"கிளாஸ்லதான். ஒரு மிஸ் என்கூட இருந்தாங்க. ரெண்டு பேரும் போட் வரைஞ்சோம். நான் தாத்தா போட் வரைஞ்சேன்."

"அந்த மிஸ் தொழுவப் போகலியா?"

"அப்புறமாப் போவாங்களாம். எவ்ரி ஃப்ரைடே நான்தான் ஒன்கூடன்னு சொன்னாங்க."

தங்கச்சி போனைப் பிடுங்கினாள். அந்த மிஸ் முக்காடு போட்ட சின்னப் பெண் என்றாள். டீச்சர்கள் கூட்டத்தில் இந்தப் பேச்சு வந்ததும், யாரும் கேட்காமலே, அந்த நேரத்தை நான் எடுத்துக்கொள்கிறேன் என்று கையைத் தூக்கினாளாம். அந்தப் பேச்சை அவளை இரண்டாம் தடவையும் சொல்லவைத்துக் கேட்டேன்.

ஆலிமா நோன்புக் காலத்து ராத்திரித் தொழுகையை முடிக்கட்டும் என்று பொறுத்திருந்து கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அந்தப் பிள்ளை பேரு என்ன டீச்சர்? துஆச் செய்யணும்."

"ஐயோ, பேரக் கேக்கலியே. இருங்க, தங்கச்சிக்குப் போன் போட்டு..."

"வேணாம், விடுங்க. அல்லாவுக்குத் தெரியும்" என்றார். அப்படியே, போனை வைக்காமலே, கண்காணாத ஊரில் இருக்கிற, முகம் தெரியாத அந்தப் பெண்ணுக்காக அவர் இறைவனிடம் துஆ கேட்பது எனக்குக் கேட்டது. முடிந்ததும் நானும் ஆமீன் சொன்னேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசையில் நான் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். பேர் தெரியாத மிஸ்ஸுக்கு. பிறகு பஸ் பிடித்து, அவசரப்படாமல், இரண்டாம் பீரியடுக்குப் போய்ச் சேர்ந்தேன்.